தறிக்குழிக்குள்ள ஒண்டும் இல்ல

அதெல்லாம் லைப்ரரில உங்கட முகத்துக்கு முன்னால சொன்ன கதை டீச்சர். ஒரு பொம்புளய மேடையில இருத்தி, பொன்னாடை போத்தி, பக்கத்தில அவட சின்ன மகளும் கதிரையில காலாட்டிக்கொண்டு இரிக்கக்குள்ள எவன் எழும்பி உள்ளதச் சொல்லுவான்? அருமையான நாவல், விறுவிறுப்பெண்டா அப்பிடியொரு விறுவிறுப்பு, கையில எடுத்தாக் கீழ வெக்க மனம் வரல்ல. இதத்தான் சொல்லுவாங்க. சொன்னாங்க. உள்ளத அறியணுமெண்டா இப்பிடி ஆருடயும் ஊட்டுக்கு வந்து, பாயில குந்தி, ஒரு வாய் சோறு திண்டுபோட்டுத்தான் கேக்கணும். நீங்க வந்தது நல்லம். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தி லைப்ரரி வாசல்ல நிண்டு, வாங்க டீச்சர் ஊட்டுக்கு, உங்கட புத்தகத்தப் பத்தி ஊர் என்ன சொல்லுதெண்டு நான் சொல்றன் எண்டதும் வந்தீங்களே. அதுக்கே ஒரு மனசு வேணும்.

மகள் திண்டது காணுமா? கோழிக்கால் ஒண்டக் கடிச்சிட்டு அப்பிடியே வெச்சிரிக்கா. ஆ, அங்க பாருங்க, யன்னலால ஆட்டுக்குட்டியக் கண்டிட்டா. அதுதான் சோறு இறங்குதில்ல. போகட்டும் டீச்சர், என்ட மகள் கூட்டிக்கொண்டு போவா. பின்வளவிலதான் கொட்டில். மகள், இஞ்ச வா, தங்கச்சிட கையக் கழுவிக் கூட்டிக்கொண்டு போ. கையப் புடிச்சுக்கொள்ளு. ஓம், போயிட்டு வாங்க ரெண்டு பேரும். பாத்தீங்களா, திரும்பிக்கூடப் பாக்கல்ல உங்கட ஆள். வந்து கொஞ்ச நேரத்தில என்ட மகள்ட இடுப்பில ஏறிட்டா. பயமறியாத பிள்ள. மாஷா அல்லாஹ், நல்லா வளத்திரிக்கீங்க.

தேத்தண்ணிக்குச் சீனி காணுமா? சரி.

கேளுங்க, உங்கட புத்தகத்தால ஏறாவூர் ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு. சிரிங்க, சிரிங்க. எழுதுற ஆக்களுக்குச் சந்தோசமாத்தானே இரிக்கும். சும்மா வாசிச்சுப்போட்டு மூலையில போட்ட புத்தகமில்லதானே அது.

ஒரு பக்கம் முகைதீன்பாவா மாஸ்டர். காலையில உங்களுக்குப் பொன்னாடை போத்தினாரே, அந்த மனிசன். பென்சன் எடுத்த நாள்லயிருந்து அவருக்குத் திகில் கதையெண்டாச் சோறு தண்ணி வேணாம். பள்ளிவாசலுக்கு முன்னால தேத்தண்ணிக் கடையில இருந்துகொண்டு உங்கட கதைய அவர் அவுத்துக் காட்டுற விதத்தப் பாக்கணும். பிள்ளையக் காணல்லயெண்டு ஊர் முழுக்க ஓடுது, பெரியும்மாக்காரி மட்டும் தறியவிட்டு எழும்பல்ல, அது எழுத்தாளர் முன்னுக்கே வெச்ச துப்பு, எனக்கு அந்த இடத்திலயே விளங்கிட்டு, பெரியும்மாதான் எண்டு. இப்பிடிச் சொல்றார். அவரக் கேட்டா உங்களுக்குப் பரிசு தரணுமாம்.

மத்தப் பக்கம் தையல்கார ஸைனம்பு. அவக்கு வாசிக்கத் தெரியா. மருமகள் வாசிக்க வாசிக்க, மெசினில கால வெச்சபடி கேட்டவ. முடிஞ்சதும் என்ன சொன்னா தெரியுமா? இத எழுதினவள்ட கையில புழு வெக்க எண்டா. ஆ, முகத்தச் சுளிக்காதீங்க டீச்சர், உள்ளதச் சொல்லச் சொல்லித்தானே வந்தீங்க. பெரியும்மாவும் தாய்தானே, எந்தத் தாய் பிள்ளையச் சாகடிச்சு, தறிக்குக் கீழ கால் வெக்கிற குழிக்குள்ள வெச்சு மூடிப்போட்டு அதுக்குமேல கால வெச்சு நெய்வா எண்டு கேட்டா. மருமகள் சொன்னாளாம், மாமி, அது கதை எண்டு. கதையெண்டா வாயில வாறதெல்லாம் சொல்லலாமா எண்டு அவளுக்கும் ஏச்சு.

நடுவில எங்கட போன் கடை றிஸ்வி. அவனுக்குப் புத்தகமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வாட்ஸ்அப் குறூப்பில வோட்டுப் போட்டான். பெரியும்மாதான் செஞ்ச, பெரியும்மா செய்யல்ல, ரெண்டில ஒண்ட அமத்துங்க எண்டு. சனம் அமத்திச்சு. புத்தகத்தக் கண்ணால காணாததுகளெல்லாம் அமத்திச்சு. கட்டார்ல இருந்து அமத்திச்சு, குவைத்தில இருந்து அமத்திச்சு. பாதிக்குப் பாதி. ஒரு நாளைக்கு அந்தப் பக்கம் கூடும், அடுத்த நாள் இந்தப் பக்கம் கூடும். கிரிக்கட் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டு இரிந்தாங்க.

இல்ல டீச்சர், கதையில வாற பெரியும்மாவுக்கு ஆரும் வோட்டுப் போடல்ல. அதத்தான் சொல்ல வாறன். அவங்க போட்ட வோட்டு றபீக்காவுக்கு.

றபீக்கா ஆரெண்டு கேக்கிறீங்க. தெரியாதா? தெரியாதெண்டு சொல்றீங்களா, மறந்திட்டெண்டு சொல்றீங்களா? நஸீறா? அதுவும் தெரியா? யோசிங்க. ஆ, ஸ்டாஃப் றூமில ஆரோ ஏறாவூர் டீச்சர் சொல்லிக் கேட்ட கதை. அப்பிடிச் சொல்லுங்க. பேரெல்லாம் கேக்கல்ல. பேர் என்னத்துக்கு, நீங்கதான் வேற பேர் போட்டிட்டீங்களே. முதல் பக்கத்தில யாவும் கற்பனையே எண்டும் போட்டிட்டீங்க. அதப் படிச்சுப்போட்டுத்தான் டீச்சர் சனம் ஆரு ஆரெண்டு தேடத் தொடங்கினது. தேடுறதுக்கும் கஸ்டமில்ல. ஒரு வளவுக்குள்ள ராத்தாவும் தங்கச்சியும், ராத்தா ஊட்டில தறி, தங்கச்சிட ஆம்புளப் பிள்ளையக் காணல்ல. இந்த ஊரில அப்பிடி எத்தின ஊடு இரிக்கு?

நீங்க ஓட்டமாவடி எண்டபடியா உங்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்ல. நம்மட ஆக்கள்ட வழமைதானே. பொம்புளப் பிள்ளைக்குத்தான் ஊடு. ரெண்டு பிள்ளையெண்டா வளவ ரெண்டாக்கி ரெண்டு ஊடு கட்டி மாப்பிள்ளமாரக் கொண்டுவந்து வெக்கிற. றபீக்காவுக்குப் பின் ஊடு, நஸீறாவுக்கு றோட்டோரத்து முன் ஊடு. நடுவில பேருக்கொரு வேலி, வேலியில ஒரு கடப்பு. ஆள் போய்வாற அளவு இடைவெளி. பிள்ளையள் அதால இந்த ஊட்டில திங்கும், அந்த ஊட்டில படுக்கும். எந்த ஊட்டில நிக்கெண்டு தாய்மார் பாக்கிறல்ல. இங்க இல்லாட்டி அங்க. அப்பிடித்தானே நாமெல்லாம் வளந்த.

நஸீறாட மகன் இஷாம். மூணு வயசு. பகல் சோறு திண்டா அவன் தாய்க்கிட்டப் படுக்க மாட்டான். கடப்பால ஓடிவந்து, பெரியும்மாட தறிக்குப் பக்கத்தில ஒரு பழைய சாரத்த விரிச்சுப் படுப்பான். அந்தச் சடக் சடக் எண்ட சத்தம் கேட்டாத்தான் அவனுக்கு நித்திர. தறி நிண்டா முழிச்சிருவான். பெரியும்மா, ஏன் நிப்பாட்டின எண்டு கேப்பான். றபீக்கா புருசன் மௌத்தாகி ஒரு குமர்ப்பிள்ளைய வெச்சுக்கொண்டு தறி நெஞ்சு திண்டவ. அந்தப் பொடியன் படுத்துக் கிடந்தா அவக்கும் வேலை ஓடும்.

அண்டைக்கு வெள்ளிக்கிழமை. பெருநாளைக்குச் சாரம் குடுக்க வேண்டியிருந்திச்சு, றபீக்கா குழிக்குள்ள கால வெச்சவ வெச்சவதான். பொடியன் வரல்ல. கட்டார்ல இருந்து வாப்பா லீவில வந்து நிக்கார்தானே, வாப்பாட நெஞ்சில ஏறிக் கிடக்கும் எண்டு அவ நினைச்ச. அங்கால நஸீறா நினைச்ச, பொடியன் வழமைபோல ராத்தாட தறியடியில படுத்திட்டான் எண்டு. தறிச் சத்தம் கேட்டுக்கொண்டுதானே இரிந்திச்சு. சத்தம் கேட்டா மகன் நித்திர எண்டு அர்த்தம். நிம்மதியாப் பாத்திரம் கழுவிப்போட்டு அவளும் சாஞ்சிட்டா.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்றாங்க. நஸீறா வேலிக்கு மேலால கூப்பிடுறா, ராத்தா, அவன எழுப்பி அனுப்புங்க, வாப்பா கடைக்குக் கூட்டிக்கொண்டு போகணுமாம். றபீக்கா சொன்னா, இங்க வரல்லயே புள்ள.

அவ்வளவுதான் டீச்சர். அதுக்குப் பிறகு தறி நிண்டிச்சு. அவ எழும்பின வேகத்தில பாவு நூல் அறுந்து, தறிக்கட்டையில பட்டு முழங்கால் கிழிஞ்ச, அந்தத் தழும்பு இன்னமும் கிடக்கு. முகைதீன்பாவா மாஸ்டருக்கு அது தெரியா. உங்கட கதையில அவ எழும்பல்ல.

ஆத்தில தோணிக்காரங்க வலை போட்டு இழுத்தாங்க. கிணறெல்லாம் இறைச்சாங்க. பள்ளிவாசல் மைக்கில சொன்ன, பஸ்ஸில படம் ஒட்டின, வாழைச்சேனையில கண்ட எண்டான் ஒருத்தன், போய்ப் பாத்தா வேற பிள்ள. வந்தாறுமூலையில ஒரு வெள்ள வேனக் கண்ட எண்டான் இன்னொருத்தன். ஒண்டும் இல்ல. ஒரு சட்டைத் துண்டுகூட இல்ல. ஆறு வருசம்.

நீங்க என்ன செஞ்சீங்க, அந்த மூணு மணித்தியாலத்தப் புடிச்சுக்கொண்டீங்க. பகல் லுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் நடுவில பெரியும்மா என்ன செஞ்சா? நல்ல கேள்வி. புத்தகத்துக்குப் பின்னட்டையிலயும் அதத்தான் போட்டிரிக்கீங்க. என்ன செஞ்சா? தறியில நெஞ்சா டீச்சர். வேற என்ன செய்யிற?

பொறுங்க, மகளக் கூப்பிடட்டா? சுணங்குதெண்டு யோசிக்கிறீங்களோ? விளையாடட்டுமா? சரி, விளையாடட்டும். ஆட்டுக்குட்டியெண்டாப் பிள்ளையளுக்கு நேரம் போறது தெரியா. நீங்களும் ஆறுதலா இரிங்க.

புத்தகம் வாறதுக்கு முதல் அந்த ரெண்டு பேரும் எப்பிடி இரிந்தாங்க எண்டு உங்களுக்கு ஆரும் சொல்லல்லதானே. ஸ்டாஃப் றூமில அந்தப் பகுதி சொல்லிரிக்க மாட்டாங்க, அதில திகில் இல்ல. பிள்ளை போன பிறகு நஸீறா பகல்ல அவட ஊட்டில படுக்க மாட்டா. கடப்பால வந்து, மகன் படுத்த அதே சாரத்தில, அதே தறியடியில படுப்பா. ராத்தா நெய்ங்க, நிப்பாட்டாதீங்க எண்டுவா. றபீக்காவுக்குக் காய்ச்சல் எண்டாலும் எழும்பி வந்து குழிக்குள்ள கால வெச்சு வெறுந்தறி ஆட்டினவ, தங்கச்சி நித்திர கொள்ளட்டும் எண்டு. நூல் இல்லாம. சும்மா சத்தத்துக்கு. அவள் ஒரு நாளும், ஒரு வார்த்தை ராத்தாவப் பாத்துக் கேட்டல்ல. ஊர் கேட்டிச்சு, பொலிஸ் கேட்டிச்சு, அவள் கேக்கல்ல. என்ட ராத்தா இல்லாட்டி நான் பைத்தியம் புடிச்சுச் செத்திருப்பன் எண்டுதான் எல்லாருக்கும் சொன்னவ.

மறுகா உங்கட புத்தகம் வந்திச்சு.

ஆரு குடுத்தாங்களோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். இந்தா உண்ட கதையப் புத்தகமாப் போட்டிரிக்காங்க எண்டு ஆரோ ஒரு புண்ணியவதி கொண்டுவந்து கையில குடுத்திரிக்கா. அவள் ஒரே இருப்பில வாசிச்சா. அடுத்த நாள் காலையில கடப்பால வாறா. கையில புத்தகம். றபீக்கா நெஞ்சுகொண்டு இரிக்கா. வா புள்ள, தேத்தண்ணி குடிச்ச? எண்டு கேட்டா. அவள் சொன்னா, ராத்தா, கொஞ்சம் எழும்புங்க.

றபீக்கா நினைச்ச, குழிக்குள்ள பாம்பு பூச்சி எதையும் கண்டிட்டாளாக்கும் எண்டு. பதறிக்கொண்டு எழும்பினா. நஸீறா குழிக்குள்ள இறங்கினா டீச்சர். இறங்கிக் குந்தி, ரெண்டு கையாலயும் மண்ணப் பறிக்கத் தொடங்கினா. அது மண் இல்ல, கால் பட்டுப் பட்டுச் சீமெந்து மாதிரி இறுகின நிலம். நகம் பேந்து இரத்தம் வடியுது, அவள் பறிக்கா. என்ன புள்ள செய்றாய், என்ன செய்றாய் எண்டு றபீக்கா கத்துறா. அப்பத்தான் கீழ கிடந்த புத்தகத்தக் கண்டா. கண்டதும் விளங்கிட்டு. ஊர்ல கதைச்சதக் காதில போட்டுக்கொள்ளாம இரிந்தவதானே.

என்ன செஞ்சிருப்பா எண்டு நினைக்கிறீங்க? நீங்க எழுதினா என்ன எழுதுவீங்க? கத்தியெடுப்பா எண்டா? இல்ல. அவ போய் மண்வெட்டிய எடுத்துக்கொண்டு வந்து தங்கச்சிட கையில குடுத்தா. கை நோகும் புள்ள, இதால தோண்டு எண்டா. தோண்டி உண்ட மனசு ஆறட்டும் எண்டா. அவள் தோண்டினா. தறி சரிஞ்சு விழுந்திச்சு, நெஞ்சுகொண்டிருந்த சாரம் சேத்துக்குள்ள போயிட்டு. இந்த ஊரில மூணடி தோண்டினாத் தண்ணிதானே. தண்ணி ஊறிச்சு. தண்ணிக்குள்ளயும் கைய விட்டுத் துழாவினா. ஒண்டும் இல்ல.

அப்ப நிமிந்து பாத்தா. இடுப்பளவு சேறு. என்ன கேட்டா தெரியுமா டீச்சர்?

அப்ப எங்க மாத்தின எண்டு கேட்டா.

ஓம். ராத்தா எண்டும் சொல்லல்ல, நீங்க எண்டும் சொல்லல்ல. எங்க மாத்தின? அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு பொலிசும் வந்திச்சு, நஸீறாட மாப்பிள்ள ஊட்டார் மனுக் குடுத்து. அவங்களும் தோண்டினாங்க, வளவெல்லாம் தோண்டினாங்க. றிஸ்வி வேலிக்கு மேலால போனப் புடிச்சு லைவ் போட்டான். ஒண்டும் இல்லயெண்டு கண்டா வோட்டு மாறும் எண்டுதானே நீங்க நினைப்பீங்க? மாறல்ல. செஞ்ச எண்டு அமத்தினவன், பாத்தீங்களா கெட்டிக்காரி, முன்னுக்கே எடுத்துப்போட்டா எண்டான். செய்யல்ல எண்டு அமத்தினவன், எண்டாலும் ஏதோ இல்லாமலா புத்தகத்தில எழுதிரிக்காங்க எண்டான். ஸைனம்பு ஒருத்திதான் சொன்ன சொல்லில நிண்டவ. மத்த ஆக்கள்ட மனம் உங்கட பக்கம்தான் டீச்சர். அச்சில வந்ததுக்கு ஒரு மதிப்பிரிக்குதானே.

றபீக்காட மகளுக்குக் காத்தான்குடியில கலியாணம் பேசி முடிஞ்சிருந்த. மாப்பிள்ளட உம்மா போன் எடுத்துச் சொன்னா, எங்களுக்கு ஒண்டும் இல்ல, பிள்ள நல்ல பிள்ள, எண்டாலும் நாளைக்கு எங்கட பேரப்பிள்ளையள் அந்த ஊட்டிலதானே படுக்கணும் எண்டு. நியாயம்தானே? மாப்பிள்ள வந்து இரிக்கிறது பொம்புள ஊட்டில. பிள்ளையள் வளருறது தாயைப் பெத்த பெத்தும்மாட கையில. ஆரு குடுப்பாங்க? நீங்க குடுப்பீங்களா? சும்மா கேட்டன், பதில் சொல்லத் தேவையில்ல.

நடுக்கடப்புக்குத் தகரம் அடிச்சாச்சு. அதோட நிண்டாலும் பரவாயில்ல. ஒவ்வொரு நாளும் அஸருக்கு வாங்கு சொன்னா நஸீறா சுத்திவந்து றபீக்காட வாசல்ல நிப்பா. சத்தம் போடமாட்டா, ஏசமாட்டா. எங்க வெச்சிரிக்காய் எண்டு கேப்பா. கெஞ்சுற மாதிரி. எலும்பையெண்டாலும் தா எண்டு கேப்பா. கேட்டுப்போட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிப்பா. எத்தின நாளைக்கு ஒரு மனிசி தாங்குவா? தாய் தகப்பன் கட்டிக் குடுத்த ஊட்டப் பூட்டிப்போட்டு றபீக்கா வெளிக்கிட்டா. நம்மட ஊரில ஒரு பொம்புள சீதன ஊட்ட விட்டுப்போட்டு வாடகைக்குப் போறதெண்டா என்னெண்டு உங்களுக்குச் சொல்லணுமா? தறிய விறகுக்குக் குடுத்தா.

என்ன டீச்சர், அழுறீங்களா? இந்தாங்க, முகத்தத் துடைங்க. தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

கதையைத்தானே எழுதின எண்டு சொல்றீங்க. சரி, கதைதான். காலையில மேடையில நீங்களே சொன்னீங்களே, முதல்ல எழுதக்குள்ள வேன்ல வந்த ஒரு அந்நிய மனிசன்தான் பிள்ளையக் கொண்டுபோனதாம், பதிப்பகத்தில அது சாதாரணமா இரிக்கு எண்டாங்களாம், அதால ஆரும் எதிர்பாக்காத ஆளா ஒராளப் போட்டீங்களாம். சனம் கை தட்டிச்சு. நானும் தட்டினன். ஆரும் எதிர்பாக்காத ஆள். ஓம், நஸீறாவும் எதிர்பாக்கல்லதான். ஆறு வருசமா ராத்தாட தறியடியில தலை வெச்சுப் படுத்தவளுக்கு அந்த நினைப்பே வரல்ல. உங்கட மூளைக்குத்தான் வந்திச்சு. அதுக்குத்தானே பொன்னாடை.

ரெண்டாம் பாகம் எழுதப் போறீங்களாமே? எழுதமாட்டீங்களா இனி? ஏன், எழுதுங்க. பெரியும்மாவப் புடிச்சுத் தூக்கில போடுங்க. முகைதீன்பாவா மாஸ்டர் பாத்துக்கொண்டு இரிக்கார்.

என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. ஆ. அந்தப் பெரியும்மா அப்பிடிச் செஞ்சிருப்பா எண்டு நீங்க ஒரு நாளும் நம்பல்லயா? எழுதக்குள்ளயும் நம்பல்ல? கதைக்காக எழுதின. மனசுக்குள்ள ஒரு துளி சந்தேகமும் இல்ல. உங்கட பிள்ளைட தலையில கைய வெச்சுச் சொல்லுவீங்க. இல்ல இல்ல, சத்தியம் வேணாம் டீச்சர், சத்தியமெல்லாம் எதுக்கு. நீங்க சொன்னாப் போதும். அந்த மனிசியக் கண்டாக் கால்ல விழுந்து மன்னிப்புக் கேப்பீங்களா? இப்பவே போவமா எண்டு கேக்கிறீங்க. நல்ல மனசு. நான் உங்களப் பிழையாத்தான் நினைச்சிட்டன்.

எங்கயும் போகத் தேவையில்ல. இதுதான் அந்த வாடகை ஊடு. நான்தான் றபீக்கா.

பாத்து, பாத்து, கோப்பை. கொட்டிப்போட்டீங்களே. சுடல்லதானே?

என்ன டீச்சர், மன்னிப்புக் கேக்கணுமெண்டு சொன்னீங்க, முகத்தப் பாத்துக் கேளுங்க. ஏன் வாசலப் பாக்கிறீங்க? யன்னலால என்ன தெரியுது? மகளா? மகள் எங்கயெண்டா கேக்கிறீங்க?

இவ்வளவு நேரமும் நீங்க ஒருக்காக்கூடக் கேக்கல்லயே. நான் கூப்பிடட்டா எண்டு கேக்கக்குள்ளயும் விளையாடட்டும் எண்டீங்க. முன்னப்பின்ன தெரியாதவள்ட ஊட்டில, பேர்கூடத் தெரியாத ஒருத்திட மகள்ட கையில பிள்ளையக் குடுத்துப்போட்டு ஆறுதலாத் தேத்தண்ணி குடிச்சீங்க. என்ட பேரச் சொன்னதும் எழும்பிப் பிள்ளையத் தேடுறீங்க. ஏன்? இப்பத்தானே சொன்னீங்க ஒரு துளியும் நம்பல்லயெண்டு. நீங்களே கட்டின பொய், அது பொய்யெண்டு உலகத்திலயே நல்லாத் தெரிஞ்ச ஆள் நீங்கதான். உங்களுக்கே என்னை நம்ப ஏலாதெண்டா, நஸீறாவ நான் என்னெண்டு கோவிக்கிற?

கத்தாதீங்க. பேரச் சொல்லிக் கத்தினா ஊர் கூடும், மறுகா அதுக்கும் வோட்டுப் போடுவாங்க.

இரிங்க, உள்ளதச் சொல்றன். உங்கட பிள்ள பின்வளவில ஆட்டுக்கொட்டில்ல என்ட மகளோட நிக்கா. சிரிக்கிற சத்தம் எனக்கு இஞ்ச கேக்குது. உங்களுக்குக் கேக்கல்லயா? பயத்தில காது அடைச்சிரிக்கும். வல்லாஹி, அல்லாஹ்மேல ஆணை டீச்சர், ஒரு கீறலும் இல்லாம நிக்கா. நஸீறாவுக்கும் இதே வாயாலதான் உள்ளதச் சொன்னனான், ஒவ்வொரு நாளும் அஸருக்கு.

நம்புறீங்களா?

சரி, ஓடுங்க. கதவு தொறந்துதான் கிடக்கு. செருப்பப் போட்டுக்கொண்டு போங்க புள்ள, பின்வளவெல்லாம் நெருஞ்சி முள்ளு.